கிழ மரத்தில் இளந்தளிர்

சங்கரன்கோவில் வட்டாரத்துப் பழைய காரைச் சுவர்களிலும், நீர் இறைப்பு நின்றுபோன கமலைக் கிணறுகளின் கல்லிடுக்குகளிலும், பறவை எச்சத்தில் விழுந்த விதையினின்று முளைத்து, பிடிமண்கூட இல்லாமல் பல்லாண்டு உயிர்பிடித்து, அடி பருத்துக் கிளை குறுகி நிற்கும் அரசையும் ஆலையும் இச்சியையும் பார்க்கலாம். உரிமையாளரின் அநுமதி பெற்று அவற்றைப் பெயர்த்தெடுப்போர்க்கு, போன்சாய்க் கலையில் பாதி வேலையை இயற்கையே முடித்துக் கொடுத்துவிடுகிறது. எனினும் இத்தகைய விருட்சங்களுக்கு ஒரு பொதுக் குறை உண்டு; இலையெல்லாம் கிளை நுனியில் திரண்டிருக்க, உட்புறம் வெறுங் கட்டையாகவே இருக்கும்.

இதற்குக் காரணம், நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்னும் ரசம் கீழிறங்கி, பட்டைக்குள் உறங்கும் மொட்டுகளை எழவொட்டாமல் அடக்கி வைப்பதே. நுனியை வெட்டினால் அந்த அடக்குமுறை நீங்குமாயினும், எழுகின்ற மொட்டுக்கு ஆகாரம் தரவேண்டியது வேரிலும் தண்டிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தாகையால், பலத்தைச் சேர்த்த பின்னரே கத்தியைத் தொடவேண்டும்.

முதலாவது, ஓய்வு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயர்த்த மரத்தை ஓர் ஆண்டு முழுவதும் வெட்டாமல் விட்டுவிடுக. நம் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் சுபாவமுடையதாதலால் தொட்டிக்கு உதவாது. பட்டாணி அளவுச் செங்கல் சல்லி 2 பங்கு, கொறுமணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு எரு 1 பங்கு கலந்து, அகன்ற மண் தொட்டியில் நடுக. துளிர் பிடிக்கும்வரை அரை நிழலும், பிறகு படிப்படியாக நல்ல வெயிலும் வேண்டும்.

இரண்டாவது, போஷணை. புதிய இலைகள் முற்றியபின், மூன்று நாள் ஊறிய கடலைப் புண்ணாக்கின் தெளிவை 10 பங்கு நீரில் கலந்து, 15 நாளைக்கு ஒரு முறை ஊற்றுக. கிளைகள் தாறுமாறாக நீண்டாலும் பொறுத்துக்கொள்க; அந்த இலைகள்தாம் ஆகாரத்தைச் சமைத்து அடிமரத்திற்கு அனுப்புகின்றன.

மூன்றாவது, வெட்டு. மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ கிளைகளைக் குறைக்கலாம். ஆலும் அரசும் இச்சியும் புளியும் இலையற்ற கட்டையிலும் துளிர்க்க வல்லவை. கொடைக்கானல் பக்கத்துப் பைன் மரத்திலோ பசுமை சிறிதுமில்லாமல் வெட்டிய கிளை பெரும்பாலும் பட்டுப்போகும். வெட்டிய நுனி சற்று உள்வாங்கிக் காயுமாகையால், வேண்டிய அளவுக்கு மேல் ஓர் அங்குலம் விட்டு வெட்டுவது விவேகம். வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுக. அதே சமயத்தில் வேரையும் வெட்டித் தொட்டி மாற்றுவது மரத்தின்மேல் இரட்டைச் சுமை ஏற்றுவதாகும்.

நான்காவது, காத்திருத்தல். இலையற்ற மரம் நீரைக் குறைவாகவே பருகுமாதலால், மேல்மண் உலர்ந்தபின் ஊற்றினால் போதும். ஆசை மிகுதியால் தினம் குடம் குடமாக ஊற்றி வேரை அழுகவிடுவோரே அநேகர். பட்டையின்மேல் காலையில் நீர் தெளித்து, உச்சி வெயிலுக்கு மட்டும் மறைப்புக் கட்டுக. பலமுள்ள மரத்தில் சில வாரங்களில் பட்டை வெடித்துச் செம்முனைகள் தோன்றும்.

ஐந்தாவது, தெரிவு. தோன்றியவற்றை உடனே கிள்ளாமல், நாலைந்து இலை விடும்வரை பொறுத்து, வளைவின் வெளிப்புறத்தில் எழுந்தவற்றை நிறுத்தி மற்றவற்றை நீக்குக. ஆடித் தபசுத் திருவிழா நெருங்கும்போது வீசும் மேல்காற்று இளந்தண்டுகளை முறித்துவிடக்கூடுமாகையால், தொட்டியைச் சுவரோரம் ஒதுக்குவது நன்று.

இவ்வளவு செய்தும் ஓரிடம் மொட்டையாகவே நின்றால், அம்மரத்தின் நீண்ட கிளையொன்றையே அவ்விடத்திற்கு வளைத்து, இரண்டிலும் ஓர் அங்குலம் பட்டை சீவிப் பொருத்திக் கட்டுக. ஒட்டுப் பிடித்து அப்பாலுள்ள நுனி பருத்தபின், தாய்க்கிளைப் பக்கத்தைத் துண்டித்துவிடலாம். துளிராத இடத்திற்கும் அந்த மரமே தன் கிளையைக் கொடுத்துவிடுகிறது.