டாக்டர்கள் பெருகினார்கள், நம் வீட்டு டாக்டர் எங்கே?

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருபவர்களின் ஃபைலைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு கவலை வருகிறது. சில மாதங்களுக்கு முன் வயதான ஒரு உம்மாவை அவரது மகன் அழைத்து வந்தார். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், மூட்டு வலிக்கு இன்னொருவர், நெஞ்சுப் படபடப்புக்கு வேறொருவர். மூன்று சீட்டு, பதினொரு மாத்திரை. அவற்றில் இரண்டு, பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது சர்க்கரையைக் குறைக்கும் ஒரே மருந்து. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. ஒருநாள் சுப்ஹு நேரத்தில் உளூச் செய்யப் போனவர் மயங்கி விழுந்திருக்கிறார். உடனே சீனித்தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ்.

இதில் எந்த டாக்டரும் தப்பான வைத்தியம் செய்யவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் இல்லை, அவ்வளவுதான். அந்த ஒருவருக்குத்தான் குடும்ப மருத்துவர் என்று பெயர்.

நாட்டில் டாக்டர் பஞ்சமா என்றால், கணக்கு வேறு சொல்கிறது. 2022 ஜூன் நிலவரப்படி பதிவு பெற்ற ஆங்கில மருத்துவர்கள் 13,08,009 பேர். இவர்களில் 80 சதவீதம் பேர் பணியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, சித்தா, யுனானி, ஆயுர்வேதம், ஹோமியோபதி மருத்துவர்கள் 5.65 லட்சம் பேரையும் கூட்டி, 834 பேருக்கு ஒரு மருத்துவர் என்று மத்திய அரசு கூறியது. 2014-க்கு முன் 51,348 ஆக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் 2023-ல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் இந்தக் கணக்கில் பட்டணத்து இதய நிபுணரும் ஒருவர்தான், தெருமுனை டாக்டரும் ஒருவர்தான். உங்கள் வீட்டுக்கு யார் என்ற கேள்விக்கு இந்தப் புள்ளிவிவரத்தில் பதில் இல்லை.

இன்று எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளை, மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக்கே சில வருடங்களைக் கொடுக்கிறார். குடும்ப மருத்துவத்திலும் மேற்படிப்பு உண்டு. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. இருக்கிறது, தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. பட்டமும் இருக்கிறது. மற்ற துறைகளோடு ஒப்பிட்டால் அந்த இடங்கள் மிகக் குறைவு. நம் பங்கும் இதில் உண்டு. “வெறும் எம்.பி.பி.எஸ்.தானே” என்று சொல்லிச் சொல்லியே கைராசி டாக்டர்களின் கிளினிக்குகளைக் காலி செய்தவர்கள் நாம்தானே!

நார்வேயில் 2001 முதல், அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும் இன்னார்தான் உன் டாக்டர் என்று பெயர் குறித்த ஒரு குடும்ப மருத்துவரைப் பெறும் உரிமை இருக்கிறது. அங்கே சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்கள், ஒரு வருடம் மட்டுமே இருந்தவர்களைவிட மருத்துவமனையில் சேர நேர்ந்தது 28 சதவீதம் குறைவு, மரணமும் 25 சதவீதம் குறைவு. டாக்டர் மாறாதது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசமல்ல இது.

அரசு உத்தரவுக்குக் காத்திராமல் நம்மால் ஆகக்கூடியது இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு பொது மருத்துவரை வீட்டுக்கென்று முடிவு செய்யுங்கள். தனியார் கட்டணம் முடியாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று என்பது விதி. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. உங்கள் தெருவுக்கு வரும் செவிலியரிடம் பெயர் கொடுத்திருக்கிறீர்களா?

நிபுணரிடம் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போய் வந்த சீட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு, வருடத்தில் இரண்டு முறையாவது அவர் மேசையில் கொட்டுங்கள். வலி மாத்திரை, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு ராத்தா கொடுத்த சூரணம் எதையும் மறைக்காதீர்கள்.

ரமளானுக்கு முன் இது இன்னும் அவசியம். சர்க்கரை நோயாளிகள் நோன்பு தொடங்க ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, அதாவது ரஜப் பாதிக்குள், டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். இன்சுலின் அளவும் சில மாத்திரைகளின் அளவும் நேரமும் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாறும். யாருக்கு நோன்பு ஆபத்து என்பதையும் அவர்தான் சொல்ல முடியும். நோன்பின்போது சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். முதல் பிறைக்கு முந்தின நாள் கூட்டத்தில் நின்று கேட்டால் எந்த டாக்டருக்கும் இதையெல்லாம் விளக்க நேரம் இருக்காது.

அந்த உம்மாவுக்கு இப்போது ஒரு டாக்டர் இருக்கிறார். பதினொரு மாத்திரை ஏழாகியிருக்கிறது. மகன் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறார். மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கும் சகோதரர்கள் இனி அப்படியொரு நோட்டையும் மாத்திரைப் பையையும் கையோடு கொண்டு வரவும்.