கூரையில் ஏறும் கயாக்

அன்புள்ள தங்கைக்கு,

முட்டுக்காட்டிலிருந்து பிச்சாவரத்துக்குக் கயாக்கைக் காரின் மேலேயே கட்டிக்கொண்டு போகப்போவதாக எழுதியிருந்தாய். 25 கிலோதானே, கயிறு போட்டு இறுக்கினால் போதாதா என்று கேட்டிருந்தாய். எடை பெரிய பிரச்சினை இல்லை. காற்றைப் பற்றிக் கவலைப்படு. காரின் வேகம் 60-லிருந்து 90 ஆனால் படகின் மேல் காற்றின் விசை இரண்டேகால் மடங்காகிவிடும். அதுவும் அணியத்தின் அடியில் புகுந்து மேலே தூக்கப் பார்க்கும். போதாக்குறைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை தெற்கு நோக்கிப் போகிறது. பகல் ஏற ஏறக் கடற்காற்று பக்கவாட்டில் வந்து மோதும். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது ஸ்டியரிங்கே அதைச் சொல்லும். விடியுமுன் கிளம்பிவிடு, 70-ஐத் தாண்டாதே.

முதலில் காரின் கையேட்டைப் பார். பல சிறிய கார்களின் கூரை 50 கிலோ அளவுக்குத்தான் தாங்கும். கூரைமேல் பொருத்தும் ரேக்கின் எடையும் அதற்குள் அடக்கம். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் கூரையோரம் மினுக்கும் ரெயில் வெறும் அழகுக்கு ஒட்டியது. அதில் எதையும் கட்டிவிடாதே. ரேக்கின் குறுக்குக் கம்பிகள் இரண்டையும் எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடு.

கயாக்கைக் கவிழ்த்து வை. மழை பெய்தாலும் உள்ளே தண்ணீர் தேங்காது. கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை: படகின் மேலாகப் போய், கம்பிக்கு அடியில் நுழைந்து, திரும்பி வர வேண்டும். கையால் இழுத்து இறுக்கும் கேம் பக்கிள் பட்டையே வாங்கு. கடைக்காரர் லாரிக்குப் போடும் ராட்செட்டைத்தான் நீட்டுவார். அதன் பலத்துக்குப் பிளாஸ்டிக் உடல் நசுங்கும், ஃபைபர் விரிசல் விடும். பட்டையில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் வழியெல்லாம் அது ரீங்கரிக்காது. கட்டியதும் படகைப் பிடித்து உலுக்கு. காரும் சேர்ந்து ஆடினால் சரி.

முன்னும் பின்னும் தனித்தனிக் கயிறு கட்டாயம். பலர் விடுவது இதைத்தான். பக்கக் காற்றில் மூக்கு திரும்பாமல் பிடிப்பதும், ரேக்கே கழன்றால் படகு பின்னால் வருபவர்மேல் பறக்காமல் தடுப்பதும் இந்தக் கயிறுகள்தாம். பம்பரில் கட்டாதே, இழுவைக் கொக்கியில் கட்டு. நைலான் நனைந்தால் நீளும், பாலியெஸ்டர் வாங்கு. மிஞ்சும் நுனியைத் தொங்கவிட்டால் சக்கரம் சுற்றி இழுத்துக்கொள்ளும், ஜாக்கிரதை.

பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார். டீ குடிக்க நிறுத்தினால் நிழலில் நிறுத்து. வெயிலில் இளகும் பிளாஸ்டிக்கில் கம்பி பள்ளம் போட்டுவிடும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டு. இரவில் துணி போதாது, சிவப்பு விளக்கு வேண்டும். தங்குமிடத்தில் அடித்தள பார்க்கிங் என்றால் உள்ளே போகுமுன் இறங்கி உயரத்தைப் பார்.

துடுப்பைக் காருக்குள் வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்