முதல் கீமோ: பொறுமை வேண்டிய இடமும் வேண்டாத இடமும்

புற்றுநோய்க்கு ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றத் தேதி குறித்த நாள் முதல் அந்தத் தேதி வந்து சேரும் வரையில், நோயாளிக்கு உபதேசம் செய்ய வராத உறவினர் நம் நாட்டில் அபூர்வம். பயமுறுத்துகிறவர்கள் சிலர், தைரியம் சொல்கிறவர்கள் சிலர், ஆனால் இரு சாராரும் முடிவில் வழங்கும் புத்திமதி ஒன்றே: "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்." வாழ்க்கையின் பல சந்தர்ப்பங்களில் பொறுமை பூஷணமாக விளங்கலாம், ஆயினும் இந்தச் சிகிச்சையில், எதைப் பொறுக்கலாம், எதை ஒரு நிமிஷமும் பொறுக்கலாகாது என்ற விவேகத்தோடு சேராத பொறுமை அபாயத்தில் கொண்டு விடும். வழக்கத்திலுள்ள சில நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

நம்பிக்கை: "அவளுக்கு நேர்ந்ததுதான் உனக்கும் நேரும், கீமோ என்றால் எல்லாம் ஒன்றுதான்."

உண்மை: கீமோவின் கதை ஓரிரு மருந்துகளோடு தொடங்கியது. 1942-ல், யுத்த காலத்து ரகசியங்களுள் ஒன்றாக, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நைட்ரஜன் மஸ்டர்ட் என்னும் ரசாயனம் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. 1948-ல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்து, தற்காலிகமாகவேனும் நோய் அடங்குவதைக் காட்டினார். அந்த மருந்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று கப்பலேறிய எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்த மருந்துகள் இன்று ஏராளமாகப் பெருகிவிட்டன. ஒவ்வொன்றின் குணமும் தோஷமும் வெவ்வேறு. டாக்சோருபிசினோ பாக்லிடாக்சலோ ஏற்றிக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தலைமயிர் உதிரும், சிகிச்சை முடிந்தபின் மீண்டும் முளைக்கும். வேறு பல மருந்துகளில் மயிர் சற்று மெலிவதோடு சரி. மருந்து ஒன்றேயானாலும், உயரம், எடை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்த்தே அளவு நிர்ணயமாகிறது. ஆகவே அடுத்த வீட்டு அனுபவத்தைக் கேட்டுக் கலங்குவதைவிட, உங்களுக்கு ஏற்றப்போகும் மருந்துகளின் பெயரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது பிரயோஜனமானது.

நம்பிக்கை: "வெறும் வயிற்றோடு போனால் வாந்தி வராது."

உண்மை: அறுவைச் சிகிச்சைக்கு உரிய விதியை இதற்குப் பொருத்திவிட்டார்கள். டாக்டர் விசேஷமாகச் சொல்லியிருந்தாலன்றிப் பட்டினி அவசியமில்லை. காலையில் இரண்டு இட்லியோ கொஞ்சம் ரசம் சாதமோ சாப்பிட்டு, தண்ணீரும் தாராளமாகக் குடித்துவிட்டுச் செல்வதே நலம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கீமோவுக்கு முன் கொடுக்கப்படும் டெக்ஸாமெதசோன் ஓரிரு நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும், மாத்திரையையோ இன்சுலினையோ எப்படி மாற்றிக்கொள்வது என்று முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும்.

நம்பிக்கை: "வாந்தி வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்."

உண்மை: வாந்திக்கும் நோய் குணமாவதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மருந்து ஏறுவதற்கு முன்பே வாந்தியைத் தடுக்கும் ஊசிகளைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் சிஸ்பிளாட்டின் போன்றவற்றில் குமட்டல் இரண்டாம் மூன்றாம் நாளில் வீட்டில் தலைகாட்டுவதுண்டு. அதற்கென்று கொடுத்தனுப்பும் மாத்திரைகளை, "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று எடுத்து வைத்துவிடாமல், சொன்ன வேளைக்குச் சொன்னபடி விழுங்க வேண்டும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை வந்தால், அடுத்த தவணை வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: "ஊசி என்றால் எரியத்தான் செய்யும், சிஸ்டரை அடிக்கடி கூப்பிடக் கூடாது."

உண்மை: இந்த ஒரு கூச்சத்தினால் விளையும் கெடுதல் கொஞ்சமல்ல. டாக்சோருபிசின், வின்கிரிஸ்டின் முதலிய மருந்துகள் ரத்தக் குழாயைவிட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்கிவிடும். எரிச்சல், வீக்கம், இழுப்பது போன்ற வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்தக் கணமே சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்திப் பார்ப்பது நர்ஸின் கடமை, அதில் தொந்தரவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊசி குத்திய கையைப் புடவைத் தலைப்பாலோ போர்வையாலோ மூடிக்கொண்டு உறங்கிவிடாமல், கண்ணில் படும்படி வைத்திருப்பது நல்லது. பாக்லிடாக்சல் ஏறும்போது, பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் தடவையில், ஆரம்பித்த சில நிமிஷங்களுக்குள்ளாகவே முகம் சிவந்து, மார்பு இறுகி, மூச்சு முட்டும் ஒவ்வாமை சிலருக்கு உண்டாகிறது. அதுவும் உடனே சொன்னால் அடக்கத்தக்கதே. இதற்கு மாறாக, பயப்படத் தேவையில்லாத ஒன்றும் உண்டு: டாக்சோருபிசின் சிவப்பு நிறமுள்ளது, ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீர் செந்நிறமாக இறங்கினால் அது மருந்தின் வர்ணம்.

நம்பிக்கை: "மூலிகைக் கஷாயத்தையும் சேர்த்துக் குடித்தால் பலம் கூடும், இலை தழையில் என்ன கெடுதல்?"

உண்மை: சுடுகாட்டு மல்லி என்றும் அழைக்கப்படும் நித்தியகல்யாணியே இதற்கு விடை சொல்லும். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்த அதன் இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் விஞ்ஞானிகள் பரிசோதித்தபோது, எலிகளின் சர்க்கரை குறையவில்லை. ரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடயத்தைப் பின்பற்றி 1958-ல் வின்பிளாஸ்டின் கண்டறியப்பட்டது. வின்கிரிஸ்டினும் அதே செடியின் சந்ததிதான். ஆலையில் பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கும்போது மருந்தாகும் வஸ்து, அளவு தெரியாத கஷாயமாக உள்ளே போகும்போது என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது. கீமோவினால் ஏற்கனவே வெள்ளணுக்கள் குறையப்போகிறவர், அவற்றை மேலும் குறைக்கும் இலையைக் குடிப்பது பலம் சேர்க்கும் காரியமாகுமா? சித்த மருந்தோ சத்துப் பொடியோ எதுவானாலும், டாக்டரிடம் காட்டிய பிறகே தொட வேண்டும்.

நம்பிக்கை: "லேசான காய்ச்சல்தானே, ஒரு மாத்திரை போட்டுக் கஞ்சி குடித்துப் படுத்தால் காலையில் சரியாகிவிடும்."

உண்மை: உயிருக்கு உலை வைக்கும் நம்பிக்கை இதுவே. பல மருந்துகளில், ஏற்றிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. கோட்டையில் காவலர் இல்லாதபோது கதவைத் தட்டும் சத்தம் ஒன்றுதான் எச்சரிக்கை என்பது போல, அந்த நாட்களில் சீழ், வீக்கம் முதலிய அடையாளங்கள் ஏதுமின்றிக் காய்ச்சல் மட்டுமே தொற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும். ஆகையால் வீட்டில் தர்மாமீட்டர் ஒன்று இருந்தே தீர வேண்டும், 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், நடுநிசியானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். கேட்காமல் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறையும், தொற்று மறையாது. எந்த ஆஸ்பத்திரியின் வாசலை மிதித்தாலும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "கீமோ ஏற்றியிருக்கிறது."

நம்பிக்கை: "தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனியாக வைக்க வேண்டும்."

உண்மை: புற்றுநோய் தொற்றுவதன்று, உடன் உண்ணலாம், குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சலாம். மருந்தின் மிச்சம் சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறுவதால், சுமார் 48 மணி நேரத்துக்கு அவற்றைச் சுத்தம் செய்கிறவர் கையுறை அணிவதும், கழிவறையில் இருமுறை தண்ணீர் விடுவதும் போதுமானது. விலக வேண்டியவர், சளியோ காய்ச்சலோ உள்ள விருந்தாளி.

நம்பிக்கை: "நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதே தர்மம்."

உண்மை: பாசத்தில் பிறந்ததாயினும், மேற்சொன்ன பிழைகளுக்கெல்லாம் இடம் கொடுப்பது இந்த மௌனமே. "சத்து ஊசி போடுகிறார்கள்" என்று நம்பி உட்கார்ந்திருப்பவர், கை எரிந்தால் எதற்காகப் பதற வேண்டும்? பத்தாம் நாள் உடம்பு சுட்டால் எதற்காக நள்ளிரவில் வீட்டாரை எழுப்ப வேண்டும்? குழந்தைப் பேற்றை எதிர்பார்க்கும் வயதினராயின், விந்தணுவையோ கருமுட்டையையோ முன்கூட்டிச் சேமித்து வைப்பது பற்றி எவ்வாறு கேட்பார்? சரீரத்தில் நிகழ்வதை முதலில் அறிகிறவர் அவர் ஒருவரே. அவருக்கு விவரம் தெரிவது அவருடைய உரிமை மட்டுமன்று, சிகிச்சையின் ஓர் அங்கமும் ஆகும். ஆகவே முதல் கீமோவுக்கு முந்தைய மாலையில் பையில் ரிப்போர்ட்டுகளையும் வழக்கமான மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்து வைக்கும்போது, இரவிலும் எடுத்துப் பேசக்கூடிய ஆஸ்பத்திரி டெலிபோன் நம்பர் எது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். நோயாளிக்கு முதலில் சொல்லுங்கள்.