நம்பிக் கொடுத்த விவரமும் ஒரு சொத்துதான்



குழுவில் சேரும்போது பெயர், வயது, முகவரி கொடுத்தோம். வங்கிக் கணக்கு தொடங்க போட்டோவும் ஆதார் ஜெராக்ஸும் கொடுத்தோம். கடன் மனு போடும்போது செல்போன் நம்பர், பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாம் கொடுக்கிறோம். சேமிப்புப் பணம் இருக்கிற பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறோம். இந்த ஜெராக்ஸ் காகிதங்களுக்கு யார் பூட்டுப் போடுகிறோம்? "வெறும் பேப்பர்தானே, போனா என்ன?" என்று கேட்கலாம். போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் நாட்டு சோனி கம்பெனியில் 2011-ம் ஆண்டு நடந்த சம்பவம் நல்ல பாடம்.

என்ன நடந்தது?

டி.வி. பெட்டியோடு இணைத்து விளையாடும் 'பிளேஸ்டேஷன்' என்ற கருவியை சோனி விற்கிறது. இன்டர்நெட் இணைப்பு கொடுத்தால் வேறு நாட்டில் இருப்பவரோடும் சேர்ந்து விளையாடலாம். அதற்கு 'பிளேஸ்டேஷன் நெட்வொர்க்' என்ற சேவையில் பெயரைப் பதிய வேண்டும். அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று பல நாட்டு மக்கள் பதிந்திருந்தார்கள்.

2011 ஏப்ரல் 17 முதல் 19-க்குள் இந்த சேவையின் கம்ப்யூட்டர்களுக்குள் வெளியாட்கள் திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டார்கள். இப்படி அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவதைத்தான் 'ஹேக்கிங்' என்கிறார்கள். ஓடு பிரித்து இறங்க வேண்டியதில்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டே செய்துவிடலாம்.

சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் இதில் மாட்டிக்கொண்டன. 2011 கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். எவ்வளவு பெரிய இழப்பு என்று பாருங்கள்!

பெயர், முகவரி, பிறந்த தேதி, இமெயில், கடவுச்சொல் என்கிற பாஸ்வேர்டு, எல்லாம் திருடர் கைக்குப் போயிருக்கும் என்று சோனி அறிவித்தது. கிரெடிட் கார்டு எண்ணும் போயிருக்கலாம், போகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னது. பெற்றோர் தங்கள் கணக்கின் கீழ் பிள்ளைகளுக்கும் கணக்கு தொடங்கியிருந்தால் பிள்ளைகளின் விவரமும் போயிருக்கலாம்.

எப்போது சொன்னார்கள்?

ஏப்ரல் 20-ம் தேதி சோனி சேவையை நிறுத்திவிட்டது. உங்கள் விவரங்கள் போயிருக்கலாம் என்று மக்களுக்குச் சொன்னது ஏப்ரல் 26-ம் தேதி. நடுவில் 6 நாள். எவ்வளவு போயிருக்கிறது என்று ஆராய்ந்து பார்க்க நாள் பிடித்தது என்பது கம்பெனியின் விளக்கம். ஆனால் அந்த 6 நாளும் மக்கள் எச்சரிக்கை இல்லாமல் இருந்தார்கள். முன்பே தெரிந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், வங்கிக்குத் தகவல் சொல்லியிருப்பார்கள் என்ற கோபம் எழுந்தது.

மே 1-ம் தேதி டோக்கியோவில் சோனியின் உயர் அதிகாரிகள் பத்திரிகையாளர் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். மறுநாளே இன்னொரு செய்தி. சோனியின் வேறொரு விளையாட்டுப் பிரிவிலும் 2 கோடியே 46 லட்சம் கணக்குகளின் விவரம் போயிருக்கலாம் என்றார்கள். அதில் ஒரு பகுதி 2007-ம் ஆண்டின் பழைய பதிவு. உபயோகத்தில் இல்லாத அந்தப் பதிவில் ஐரோப்பாவின் நான்கு நாடுகளைச் சேர்ந்த சுமார் 10,700 பேரின் வங்கிக் கணக்கு விவரம் கிடந்தது.

சேவை மறுபடி தொடங்கவே மே மாத நடுப்பகுதி ஆகிவிட்டது. 2013 ஜனவரியில் பிரிட்டன் நாட்டின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் சோனியின் ஐரோப்பியக் கிளைக்கு 2,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. கம்ப்யூட்டர் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்திருந்தால் இந்தத் திருட்டைத் தடுத்திருக்கலாம் என்பது அந்த அலுவலகத்தின் முடிவு.

பணம் போனால் தெரியும், விவரம் போனால்?

பணம் திருடு போனால் பெட்டி காலியாக இருக்கும். விவரம் திருடு போனால் அது நம்மிடமும் இருக்கும், திருடனிடமும் இருக்கும். அதனால் உடனே தெரியாது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா? அப்பா பெயரை மாற்ற முடியுமா?

நம் பெயர், ஊர், கணக்கு இருக்கும் வங்கி எல்லாம் தெரிந்த ஒருவர் போனில் பேசினால் நாம் நம்பிவிடுவோம். "வங்கியிலிருந்து பேசறோம், ஓ.டி.பி. நம்பரைச் சொல்லுங்கம்மா" என்பார். சோனியும் அன்றைக்கு இதைத்தான் எச்சரித்தது. நாங்கள் கார்டு எண்ணையோ மற்ற சொந்த விவரத்தையோ கேட்டு உங்களைத் தொடர்பு கொள்ளவே மாட்டோம், அப்படி யாராவது கேட்டால் அது நாங்கள் இல்லை என்றது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஓ.டி.பி., பின் நம்பர், பாஸ்வேர்டு இவற்றை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. நமக்குப் பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை.

2. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கக் கூடாது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இருந்தால், அது தொலைந்த அன்று எல்லாக் கதவும் திறந்துவிடும்.

3. ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் அதன் மேல் எழுதிக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத பிரதியை விட்டு வராமல் கிழித்துப் போடுங்கள்.

4. பிள்ளைகள் செல்போனில் விளையாட்டு ஏற்றும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். என்ன விவரம் கேட்கிறது, வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

5. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

ஊக்குநர், பிரதிநிதிகள் கவனத்துக்கு

உறுப்பினர்களின் ஜெராக்ஸ் காகிதங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அவை சேமிப்புப் பணம் மாதிரியே நம்பிக் கொடுத்தவை. பூட்டிய பெட்டியில் வையுங்கள். வேலை முடிந்த பழைய பிரதிகளை உறுப்பினரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது அவர் முன்னால் கிழித்துவிடுங்கள். 2007-ம் ஆண்டுப் பதிவு 2011-ல் திருடு போனதை மறக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் ஆதார், பாஸ்புக் படங்களைப் போட வேண்டாம். ஏதாவது காகிதமோ செல்போனோ தொலைந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே சம்பந்தப்பட்ட சகோதரியிடம் சொல்லிவிடுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, அவர் தன்னைக் காத்துக்கொள்ள நேரம் கிடைக்கும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யாருடைய விவரம் யாரிடம் இருக்கிறது?

2. இனித் தேவையில்லாத ஜெராக்ஸ் எத்தனை இருக்கிறது? அவற்றை என்ன செய்யலாம்?

3. ஓ.டி.பி. கேட்டு யாருக்காவது போன் வந்ததா? என்ன பதில் சொன்னீர்கள்?

பேசி முடித்து, எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கூட்டத்துக்கு வராத சகோதரிக்கும் படித்துச் சொல்லுங்கள்.