மறுபடியும் வேறு, மீண்டும் வேறு!

செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரத்தில் நம்ம ஆளுங்க வாயில் அதிகமாகப் புழங்கும் தமிழ் முன்னொட்டு எது? கண்ணை மூடிக்கிட்டு 'மறு' என்று சொல்லிடலாம். மறுகூட்டல், மறுமதிப்பீடு, மறுதேர்வு.

இந்த 'மறு'வுக்கு 'இன்னொரு', 'அடுத்த' என்று பொருள். மறுநாள், மறுகரை, மறுபக்கம் எல்லாம் இப்படி வந்தவைதான். 'மறுபடியும்' இதே குடும்பம். 'மீண்டும்' அப்படி இல்லை. அது 'மீள்' என்ற வினையிலிருந்து வருது. போன இடத்திலிருந்து பழைய இடத்துக்கே திரும்புவதுதான் மீள்வது. கடனிலிருந்து மீள்கிறோம், அடகு வைத்த நகையை மீட்கிறோம்.

பேச்சில் இரண்டையும் மாத்திப் போட்டால் ஒண்ணும் குடி முழுகாது. 'மறுபடியும் மழை'யும் 'மீண்டும் மழை'யும் நனைப்பது ஒரே மாதிரிதான். நாம் மறுசுழற்சி என்பதை இலங்கையில் மீள்சுழற்சி என்கிறார்கள், அங்கேயும் பொருள் மாறவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி விட்டுவிட முடியாது. போரில் ஊரைவிட்டு ஓடியவர்கள் சொந்த நிலத்துக்குத் திரும்புவதை இலங்கையில் மீள்குடியேற்றம் என்கிறார்கள். சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு மக்களை அனுப்புவது மறுகுடியமர்வு. முதலாவதில் பழைய வீட்டு வாசல் இருக்கு. இரண்டாவதில் இருப்பது இன்னொரு இடம் மட்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் நிதானம் வேணும்.

எத்தனை முறை, எந்த இடைவெளியில் என்று சொல்லும் சொற்கள் நம்ம துறைக்கு இன்னும் நெருக்கமானவை. (முறை, தடவை, வாட்டி, சென்னையின் தபா. எதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க, கணக்கு ஒண்ணுதான்.) புராஜெக்ட் போர்டு ரீசெட் ஆகுதுன்னு வைங்க. 'அடிக்கடி ஆகுது' என்றால் கேட்பவருக்கு ஒரு துப்பும் கிடைக்காது. 'விட்டு விட்டு ஆகுது' என்றால் லூஸ் காண்டாக்ட்டோ, சரியாகப் பிடிக்காத சாலிடரோ என்று பார்க்கத் தோணும். '20 நிமிஷத்துக்கு ஒரு தடவை' என்றால் கை நேராக டைமர் பக்கம் போகும், இல்லாட்டி சூடு ஏறுதான்னு தொட்டுப் பார்க்கும்.

டாக்டர் 'காய்ச்சல் தொடர்ந்து இருக்கா, விட்டு விட்டு வருதா?' என்று கேட்பதும் இதுக்காகத்தான். ஒழுங்கான இடைவெளியில் திரும்பி வரும் காய்ச்சலுக்குத் தமிழில் முறைக்காய்ச்சல் என்றே பெயர் உண்டு. மலேரியாவில் வைவாக்ஸ் வகை முறைக்கு வந்துவிட்டால் ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒரு தரம் குளிர்நடுக்கம் வரும், மலேரியே வகையில் 72 மணி நேரம். 'அடிக்கடி காய்ச்சுது சார்' என்ற பதிலில் இந்தத் தகவல் மொத்தமும் தொலைஞ்சு போகுது.

'திரும்பத் திரும்ப' என்ற சொல், தான் சொல்வதைத் தானே செய்து காட்டும் அடுக்குத்தொடர். அடுக்குவதற்கும் நன்னூல் எல்லை வைத்திருக்கிறது. வெறும் அசையாக வந்தால் இரண்டு. விரைவு, அச்சம் போன்ற பொருள் இருந்தால் மூன்று வரை, 'பாம்பு பாம்பு பாம்பு' மாதிரி. செய்யுளில் ஓசையை நிறைக்க நான்கு வரை. அதுக்கு மேலே பவணந்தியார் அனுமதிக்கவில்லை. பிரேக் கண்டிஷன் போடாமல் லேப் சிஸ்டத்தைத் தொங்க விடுபவர்கள் கவனிக்க!

அந்த லூப்புக்கு நம்ம மேல்நிலைக் கணினிப் பாடநூல் வைத்த பெயர் 'மடக்கு'. பெயர் புதுசு இல்லை. தண்டியலங்காரத்தில் மடக்கு என்று ஓர் அணி இருக்கு. பாட்டில் அதே எழுத்துகள் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் பொருள் மட்டும் வேறாக இருக்கும். ஃபார் லூப்பிலும் வரி அதேதான், ஐ-யின் மதிப்புதான் ஒவ்வொரு சுற்றுக்கும் மாறிக்கிட்டே போகுது.