மேசைமேல் ஒரு போர் நினைவுச் சின்னம்

வெளியூர் சென்று வருபவர்கள் நினைவுப் பொருள் ஒன்று வாங்கி வருவது உலக வழக்கம். நம்மவர்கள் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை வாங்குவதைப் போல, ஐரோப்பாவில் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மக்கள் போர் நினைவுத் தூண்களின் சிறிய உருவங்களை வாங்கினார்கள். காகிதக் கனமாகவும், மைக்கூடாகவும், அலமாரி அலங்காரமாகவும் அவை வீடு சேர்ந்தன. ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகு இவற்றைச் சேகரிப்பது எனக்குப் பொழுதுபோக்காயிற்று. தில்லியில் பழைய சாமான் கடைகளிலும் எப்போதாவது கிடைக்கும். இவற்றைப் பார்த்து அறியும் முறையை வாசக அன்பர்களுக்கும், குறிப்பாகப் பள்ளி மாணவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

1. வயதை அறிவது எப்படி?

பொம்மையில் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பது அபூர்வம். ஆனால் நினைவுச் சின்னங்களே காலப்போக்கில் மாறியிருக்கின்றன. அந்த மாற்றம்தான் நமக்குக் கடிகாரம்.

பாரிஸ் நகரின் வாந்தோம் தூணைப் பாருங்கள். 1805இல் ஆஸ்டர்லிட்ஸ் போரில் வென்ற நெப்போலியன், எதிரிகளிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி இத்தூணுக்கு வெண்கலத் தகடுகள் செய்வித்தான். 1810இல் அதன் உச்சியில் ரோமானிய உடையில் அவன் சிலை நின்றது. 1814இல் ஆட்சி கவிழ்ந்ததும் சிலையை இறக்கிவிட்டார்கள். 1833இல் நீண்ட கோட்டும் தொப்பியும் அணிந்த வேறு சிலை ஏறியது. 1863இல் அதையும் எடுத்துவிட்டு மீண்டும் ரோமானிய உடைச் சிலை வைத்தார்கள். 1871இல் பாரிஸ் கம்யூன் புரட்சியாளர்கள் தூணையே சாய்த்தார்கள். பிறகு அது மறுபடி எழுப்பப்பட்டது. ஆகவே உச்சியில் தொப்பிக்காரர் நின்றால், அந்த உருவம் 1833க்கு முற்பட்டதல்ல.

பெர்லின் வெற்றித் தூண் இன்னும் எளிது. டென்மார்க், ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளை வென்றதற்காக 1873இல் திறக்கப்பட்ட அத்தூணுக்கு மூன்று அடுக்குகள். 1938–39இல் அதை வேறிடத்துக்கு மாற்றியபோது நான்காவது அடுக்கைச் சேர்த்தார்கள். நான்கு அடுக்குள்ள பொம்மையை "கைசர் காலத்துப் பொருள்" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம்!

நம் இந்தியா கேட்டும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1931இல் திறக்கப்பட்ட இவ்வளைவின் கீழ், தலைகீழாக நிறுத்திய துப்பாக்கியும் அதன்மேல் தலைக்கவசமுமாக அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது 1972 ஜனவரி 26இல்தான். எனவே துப்பாக்கியுள்ள பித்தளை மாதிரி அதற்குப் பின்னரே வார்க்கப்பட்டிருக்க வேண்டும். 2022 ஜனவரியில் அந்தச் சுடர் தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் சுடரோடு சேர்க்கப்பட்டுவிட்டது.

ஓர் எச்சரிக்கை. "இதற்கு முன் இருக்க முடியாது" என்று உறுதியாகச் சொல்லலாம்; "இதற்குப் பின் இருக்க முடியாது" என்று சொல்லக் கூடாது. பழைய அச்சிலேயே பல ஆண்டுகள் கழித்தும் வார்ப்பார்கள். அடிப்பக்க முத்திரையையும் பாருங்கள். "ஆக்குபைடு ஜப்பான்" என்றிருந்தால், அமெரிக்கர் வசம் ஜப்பான் இருந்த, 1952இல் முடிந்த காலத்துச் சரக்கு. "வெஸ்ட் ஜெர்மனி" என்றிருந்தால் 1949க்குப் பிந்தியது.

2. எந்த உலோகம்?

வெண்கலம் என்று விற்கப்படுபவற்றில் பல, வெண்கல நிறம் பூசிய துத்தநாகம். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெண்கலத்துக்கு அதைப் போல் இரு மடங்குக்கு மேல் சூடு வேண்டும். உருகியதை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்தவுடன் நடுவிலுள்ள குழம்பைத் திருப்பிக் கொட்டிவிடுவார்கள். உள்ளே கூடான, மலிவான பொம்மை தயார். சிலவற்றில் ஈயமும் ஆண்டிமனியும் கலந்திருக்கும். பழைய ரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கிகளில் நாங்கள் ஊற்றிய "ஒயிட் மெட்டல்" இந்த இனத்தைச் சேர்ந்ததே.

சுரண்டிப் பார்க்காமலே கண்டுபிடிக்க ஆர்க்கிமிடீஸ் வழி இருக்கிறது. பொருளைத் தராசில் நிறுத்துக் கொள்ளுங்கள். 355 கிராம் என்று வைப்போம். நூலில் கட்டி, காற்றுக் குமிழ் தங்காமல் தண்ணீரில் முழுக்க மூழ்கவிட்டு மறுபடி நிறுங்கள், 305 கிராம். வித்தியாசம் 50. 355ஐ 50ஆல் வகுத்தால் 7.1. அது துத்தநாகம். பித்தளையானால் 8.5 அளவிலும், வெண்கலமானால் 8.8 அளவிலும், ஈயமானால் 11.3 அளவிலும் விடை வரும். அடிப்பாகம் மூடியவற்றுக்கும், துணியோ காகிதமோ ஒட்டியவற்றுக்கும் இச்சோதனை வேண்டாம்.

3. பாதுகாப்பது எப்படி?

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கு போல் இதையும் பளபளப்பாக்கலாம் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! பூச்சு போய்விடும், அடியிலுள்ள துத்தநாகத்தைப் புளியின் அமிலம் அரிக்கும். எலுமிச்சையும் பாலிஷ் பசையும் ஆகா. உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். ஈயம் கலந்த பொருளை மூடிய மர அலமாரியில் வைத்தால், மரத்திலிருந்து வரும் அமில ஆவியால் வெண்பொடி பூக்கும். அது நஞ்சு. கைக்குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

4. எதற்காக இந்தச் சேகரிப்பு?

என்னிடமுள்ளவற்றில் நான் மிகவும் மதிப்பது, விலை குறைந்த ஒரு பீங்கான் பொம்மை. லண்டன் செனடாஃப் நினைவுச் சின்னத்தின் உருவம். செனடாஃப் என்றால் கிரேக்க மொழியில் வெறுங்கல்லறை. முதலில் 1919இல் மரத்தாலும் சுண்ணச்சாந்தாலும் தற்காலிகமாக நின்றது. மக்கள் மலர் குவித்ததைக் கண்டு, 1920இல் கல்லிலேயே கட்டினார்கள். வடிவமைத்த லட்டியன்ஸ்தான் நம் இந்தியா கேட்டையும் வடிவமைத்தவர். ஸ்டோக் நகரத்துப் பீங்கான் ஆலைகள் ஊர்ச் சின்னங்கள் பொறித்து இதன் மாதிரிகளைச் செய்தன. கடல் கடந்து இறந்த மகனின் உடல் ஊர் திரும்பாத வீடுகள் அன்று பல. அந்த வீட்டுத் தாய்க்கு இது வெறும் அலங்காரப் பொருளாக இருந்திருக்குமா?

பெர்லின் தூண் வெற்றியைக் கொண்டாடுகிறது. செனடாஃப் இழப்பை நினைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போரைப் பற்றி மனிதன் நினைத்தது எப்படி மாறியது என்று புரியும். வீழ்ந்தவனுக்குப் பெயரும் பீடும் எழுதி நடுகல் நட்டவர்கள் நாம். இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல.

மாணவர்களே, அடுத்த விடுமுறையில் தேசியப் போர் நினைவுச் சின்னத்துக்குப் பெற்றோருடன் செல்லுங்கள். 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கல்லில் உள்ளன. 1999 கார்கில் போரில் உயிர்நீத்த தமிழ்நாட்டு மேஜர் சரவணனின் பெயரும் அவற்றுள் ஒன்று. தேடிக் கண்டுபிடித்து, பக்கத்திலுள்ள பெயர்களையும் வாய்விட்டுப் படியுங்கள். பொம்மை வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.