நீரும் எண்ணெயும் இணையும் விந்தை

நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆனால், தோலில் பூசும் களிம்பில் அவை இரண்டும் இணைந்தே இருக்கின்றன. அவற்றை இணைக்கும் பொருளைப் பால்மமாக்கி என்பர்.

முட்டையின் மஞ்சள் கருவிலும் சோயா அவரையிலும் உள்ள லெசித்தின் ஓர் இயற்கைப் பால்மமாக்கி ஆகும். பிரெஞ்சு வேதியியலாளர் தியோடோர் கோப்லி 1850ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். லெசித்தின் மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். அதனால், அது நுண்துளிகளைச் சூழ்ந்து நின்று, அவை மீண்டும் ஒன்றுசேராமல் தடுக்கிறது.

மெழுகு போன்ற பால்மமாக்கிகளை உருக்க ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பம் தேவைப்படும். நீர்ம லெசித்தினுக்கோ அடுப்பே தேவையில்லை. அதை எண்ணெயில் கலந்து, நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, விடாமல் கடைய வேண்டும். இம்முறையில் எரிபொருள் மிச்சமாகும். வெப்பத்தால் சிதையும் சத்துகளும் காக்கப்படும்.

இருப்பினும், இயற்கைப் பொருள் என்பதாலேயே அது பாதுகாப்பானது என்று கருதிவிடக்கூடாது. சோயா சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தும். மேலும், நீர் கலந்த களிம்பில் நுண்ணுயிரிகள் எளிதில் பெருகும். பதனப்பொருள் சேர்க்காத களிம்பு, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தோலுக்குத் தீங்கு விளைவிக்கலாம். ஆகவே, தூய்மையான கலன், காய்ச்சி வடித்த நீர், உரிய அளவு பதனப்பொருள் ஆகியவையும் பால்மமாக்கியைப் போலவே இன்றியமையாதவை.